பதினேழாம் நம்பர் கத்தரி

அங்கம்மாவை வேலையை விட்டு நிறுத்திய கடிதத்தை டைப் அடித்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்காது.

என் பெயர் விஷ்ணு. வேலப்பன்சாவடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில், பயிர் இனப்பெருக்கத் துறை அலுவலகத்தில் எழுத்தர். அங்கம்மா அதே துறையில் பசுமைக்குடில் வேலைக்காரி. திருமுல்லைவாயிலில் வீடு. கணவர் சின்னப்பையன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். இரண்டு பஸ் மாறி, காலை ஏழரைக்கெல்லாம் வந்துவிடுவாள்.

பெருக்கத்தான் சேர்ந்தாள். ஒருநாள் ஒரு மாணவன் கத்தரிப் பூவைப் பிரிக்கத் தெரியாமல் நசுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "குடு இப்டி" என்று இடுக்கியை வாங்கினாளாம். அதற்குப் பிறகு அந்த வேலை அவளுடையதாகிவிட்டது. சாயங்காலம், மறுநாள் மலரப்போகும் மொட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். மேலே பட்டர் பேப்பர் உறை போட வேண்டும். காலையில் வந்து வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, நூலில் சீட்டு கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நூறு பூ. மகரந்தம் தடவும் சூல்முடியில் ஒரு கீறல் விழாது.

ஒன்பது வருஷம் அப்படிச் சேர்த்துச் சேர்த்து, கழித்துக் கழித்து வந்ததுதான் பதினேழாம் நம்பர் கத்தரி. இளம் ஊதா, அதில் வெள்ளைக் கோடு. மே மாத வெயிலில் மற்றக் கத்தரிச் செடியெல்லாம் பூவை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும்போது அது மட்டும் காய்த்துத் தள்ளும். துறைத் தலைவர் கோவிந்தன் சார் போகிற கூட்டங்களிலெல்லாம் அதன் படத்தைக் காட்டுவார். கிருஷ்ணப்பிரியா என்ற ஆராய்ச்சி மாணவி மூன்று வருஷமாக அதை வைத்துத்தான் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மார்ச்சில் துறைக்குப் பெரிய மானியம் வந்தது. கிழிந்த பிளாஸ்டிக் ஷீட்டும் துருப்பிடித்த பைப்புமாக இருந்த பழைய பசுமைக்குடிலை இடித்துவிட்டு, பாலிகார்பனேட் கூரை, குளிர்விக்கும் ஈரப் பேட், பெரிய மின்விசிறி, பனிபோலத் தண்ணீர் தெளிக்கும் ஃபாகர், சூட்டையும் ஈரத்தையும் அளக்கும் சென்சார் என்று புதிதாகக் கட்டுவதாகத் திட்டம். பரிசோதனைக் கூடமும் மாற வேண்டும். விதைகளை வைத்திருந்த குளிர் அறைக்கு வயரிங் மாற்ற வேண்டும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். அன்று முதல் கோவிந்தன் சாருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

குளிர் அறையைக் காலி செய்த அன்று, விதைகளை இரண்டு டிரங்குப் பெட்டியில் போட்டு, கான்ட்ராக்டர் சிமெண்ட் மூட்டை அடுக்கும் தகர ஷெட்டில் வைக்கச் சொன்னார். விதையை இரண்டு இடத்தில் பிரித்து வைக்க வேண்டும் என்று விதி உண்டு. இரண்டு பெட்டியில் பிரித்தார்கள். இரண்டும் அதே ஷெட்டுக்குப் போயின.

"சார், தகரத்துக்கு அடியில வெக்காதீங்க," என்றாள் அங்கம்மா. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "பகல்ல உள்ள நிக்க முடியல. மழ வந்தா ஒழுகுது. உங்க ரூம்லனா வெச்சிக்கோங்க, அங்கதான் ஏசி கீதே."

"பத்து நாள் விஷயம்மா. நீ உன் வேலையைப் பாரு."

பத்து நாள் மூன்று மாதமானது. நடுவில் கத்திரி வெயில் போனது, ஒரு கோடை மழையும் போனது.

பழைய குடிலை இடித்தபோது உள்ளே நின்ற செடிகளையெல்லாம் பிடுங்கி, இடிபாட்டோடு லாரியில் ஏற்றினார்கள். விதைதான் பெட்டியில் இருக்கிறதே என்று யாரும் கவலைப்படவில்லை. அங்கம்மா மட்டும் குப்பைக் குவியலிலிருந்து பதினேழாம் நம்பரில் இரண்டை வேர்மண்ணோடு எடுத்து, சிமெண்ட் சாக்கில் வைத்து, ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான் அப்போது.

ஆகஸ்டில் புதுக் குடிலில் விதை போட்டார்கள். மற்ற ரகங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. பதினேழாம் நம்பரில் ஒன்றுகூட முளைக்கவில்லை. பெட்டிக்கு அடியில் இருந்த பொட்டலங்களைப் பிரித்தால் பூஞ்சை பிடித்துக் கட்டியாக இருந்தன.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். கோவிந்தன் சார் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். ஷெட் சாவி அங்கம்மாவின் பொறுப்பில் இருந்தது, அவர் கவனக்குறைவால் விதைகள் நனைந்தன, அவர் பணியிலிருந்து நிறுத்தப்படுகிறார். சாவி அவளிடம் ஒருநாள்கூட இருந்ததில்லை. அது எனக்குத் தெரியும்.

கடிதத்தை அறையில் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். புதுக் குடிலின் வாசலில், மாணவர்கள், கான்ட்ராக்டர் ஆட்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு கொடுத்தார்.

"எழுதப் படிக்கத் தெரியாதவங்களை நம்பினது என் தப்பு," என்றார்.

"சார், நான் சொன்னனா இல்லியா? தகர ஷெட்டு வாணாம்னு சொன்னனா இல்லியா? விஷ்ணு தம்பி கூட இருந்துச்சே. கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிருஷ்ணப்பிரியா அந்த வாரம் ஏதோ பயிற்சிக்காக ஹைதராபாத் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் பேசியிருப்பாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்," என்றேன் நான்.

அங்கம்மா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். கேட்டில் செக்யூரிட்டி அவள் பையைக் கொட்டிப் பார்த்தான். டிபன் பாக்ஸ், சீப்பு, மாத்திக்கிற புடவை. பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோட்டில் குந்தி ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

நவம்பரில், திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். முகப்பேரில் ஒரு அடுக்குமாடியில் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், "அக்கா, என்ன மன்னிச்சிடுங்க," என்றேன்.

"மன்னிச்சாச்சுனு நெனைக்காத நைனா," என்றாள் சிரிக்காமல். "ஒவ்வொருத்தரா வரேன். மொதல்ல ஒங்க சாரு. அவரு இன்னா பண்றாரு இப்போ?"

சொன்னேன். ஜனவரியில் மானியக் குழு வருகிறது, புதுக் குடிலுக்குள் காட்டப் பதினேழாம் நம்பர் இல்லை, சார் ராத்திரி பகலாக ஊர் ஊராகப் போன் போட்டு யாரிடமாவது விதை கிடைக்குமா என்று கேட்கிறார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பிறகு, "ஊட்டுக்கு வா, ஒண்ணு காட்றேன்," என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு செடிகளும் நின்றன. இடுப்பு உயரம். இலை கருகருவென்று இருந்தது. மீன் கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்தாளாம்.

"தெனம் அதுங்க கூடத்தான் பேசிகினு கீறா," என்றார் சின்னப்பையன். "இன்னா பேசறா, ஏது பேசறானு கிட்ட போய் கேக்க பயமா கீது."

"யார்கிட்ட வேணா சொல்லு," என்றாள் அங்கம்மா என்னிடம். "கண்டிப்பா சொல்லு."

இதை வைத்து வேலையைத் திரும்பக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பில் மறுநாளே சாரிடம் சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அங்கேயே போன் போட்டார்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் வாங்க சார்," என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "சாப்பாட்டுக்கே வந்துடுங்க. விஷ்ணுவையும் இட்டுகினு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட் பாக்ஸோடும் ஒரு கடிதத்தோடும் போனோம். கடிதத்தையும் நான்தான் டைப் அடித்திருந்தேன். அங்கம்மா ஈரத் தலையை முடிந்துகொண்டு, நல்ல புடவை கட்டியிருந்தாள். கடிதத்தை வாங்கி என்னிடமே நீட்டிப் படிக்கச் சொன்னாள். மனிதாபிமான அடிப்படையில் தற்காலிகப் பணியில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுகிறார் என்று படித்தேன்.

"நான் தப்பு பண்ணலன்னு அதுல கீதா?"

"அதெல்லாம் மெதுவா பாத்துக்கலாம்மா," என்றார் சார்.

"ஆங். சாப்பிடுங்க மொதல்ல."

வாழை இலை போட்டிருந்தாள். சுடுசோறு, அப்பளம், எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. அப்படி ஒரு குழம்பை நான் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை. காய் உருவம் குலையாமல், நாக்கில் பட்டதும் கரைந்தது. சார் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். செடியைப் பார்க்கும் அவசரம் அவருக்கு. ஆனாலும் கை நிற்கவில்லை.

கை கழுவியதும், "வாம்மா, செடியைக் காட்டு," என்றார். "ஒரு பழுத்த காய் இருந்தாப் போதும்."

"பழுக்க வுட்டாதான சார். அல்லாத்தையும் பிஞ்சுலயே பறிச்சிட்டேன்."

"பரவாயில்ல. ஒரு குச்சி குடு. புது லேப்ல திசு வளர்ப்பு வசதி இருக்கு, அதுல பண்ணிடலாம்."

"குச்சி அடுப்புல போச்சு சார். நீங்க போன் பண்ணீங்களே, அன்னிக்கு சாயங்காலமே ரெண்டையும் வேரோட புடுங்கி மாடியில காயப் போட்டேன். அந்தச் சுள்ளிய வெச்சிதான் இன்னிக்கு அடுப்பு மூட்டினேன். காய் அல்லாம் இப்ப நீங்க சாப்டது."

சாருக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் ஓடினார். நானும் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு குழிகள் இருந்தன. அவர் பேன்ட்டோடு மண்டியிட்டு விரலால் மண்ணைக் கிளறினார். ஒரு சல்லிவேர்கூட இல்லை. சல்லடை போட்டுச் சலித்ததுபோல் எடுத்திருந்தாள்.

"ஒன்பது வருஷம்," என்றார். "நீ என்ன பண்ணியிருக்கேன்னு உனக்குப் புரியுதா?"

"புரியாம இன்னா சார்? ஒம்போது வருஷமும் பூ தொறந்த கை இது. எழுதப் படிக்கத்தான் தெரியாது."

வாசலில் தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். கையெல்லாம் மண்ணாக, மீசையில் குழம்பு எண்ணெய் மின்ன, அவர் அவர்களைத் தாண்டித்தான் காருக்குப் போக வேண்டியிருந்தது. அங்கம்மா ஸ்வீட் பாக்ஸைத் திறந்து உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கூட்டத்துக்கு விநியோகம் செய்தாள்.

நான் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டாள். "நைனா, கொழம்பு நல்லா இருந்துச்சா?"

தலையை ஆட்டினேன்.

"இது மட்டுமாவது ஞாபகம் இருக்கும் இல்ல?"

இருக்கிறது. இன்றும் கத்தரிக்காயை என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

ஜனவரியில் குழு வந்தது. பளபளவென்ற குடிலில் கடையில் வாங்கிய நாற்றுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். குழுவில் இருந்த ஓர் அம்மா சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பதினேழாம் நம்பர் எங்கே என்று கேட்டார். சார் பழைய கதையையே சொன்னார். ஷெட் சாவி பற்றி அலுவலகத்தில் யாருக்காவது தெரியுமா என்று அந்த அம்மா கேட்டபோது, நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். தைரியம் வந்து சொன்னதாகச் சொல்லமாட்டேன். அந்தக் குழம்பு இறங்காமல் தொண்டையில் நின்றது. மார்ச் முடிவதற்குள் கோவிந்தன் சாரின் தலைவர் பதவி போனது. அங்கம்மாவின் மேல் எழுதிய குற்றத்தை ரத்து செய்து கடிதம் வந்தது. அதை நானே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு மடித்து அரிசி டின் மேல் வைத்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் பார்த்ததில்லை.

நான் அங்கே இருக்கும்போதே கிருஷ்ணப்பிரியா வந்தாள். யாரிடமோ கேட்டு முதல் முறையாக அந்த வீட்டுக்கு வருகிறாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எனக்குக் குடுத்திருக்கலாமே அக்கா," என்றாள். "ஒரு காய். அவருக்குத் தெரியாம எனக்கு ஒரே ஒரு காய் பழுக்க விட்டிருக்கலாமே. மூணு வருஷம் போச்சு எனக்கு."

மறந்துவிட்டேன், தோன்றவில்லை என்று அங்கம்மா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"உன்ன நெனச்சேன் பாப்பா. புடுங்கறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் உன்னதான் நெனச்சிகினு இருந்தேன். உனக்குக் குடுத்தா அது அவருகிட்டதான் போவும். அதான் புடுங்கிட்டேன்."

கிருஷ்ணப்பிரியா அழவில்லை, திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சின்னப்பையன் அங்கம்மாவுக்கு டீ போட்டுக் கொடுத்தார், அது ஆறிப்போனது.

புதுத் தலைவர் அங்கம்மாவை வேலைக்குக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. "அந்தப் பொண்ணு மூஞ்சில முழிக்க முடியாது," என்றாள் என்னிடம். கோவிந்தன் சாருக்குச் செய்ததைப் பற்றி ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இன்றைக்குக் கேட்டாலும் மறுபடி செய்வேன் என்பாள்.

கிருஷ்ணப்பிரியா வேறு இரண்டு ரகங்களை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். குளிர்ந்த, வெளிச்சமான புதுக் குடிலில் தினமும் சாயங்காலம் தனியாக உட்கார்ந்து மொட்டு பிரிக்கிறாள். பத்துக்கு ஆறு கெட்டுப்போகிறது. போன வாரம் ஸ்டேஷனில் இதை அங்கம்மாவிடம் சொன்னேன்.

"எத்தினி மணிக்கு மொட்டு எடுக்குது?"

"அஞ்சரை இருக்கும்."

"லேட்டு. நாலு மணிக்கு எடுக்கணும். உள்ள காத்தாடி ஓடுது இல்ல, அதை ஆப் பண்ணிட்டு எடுக்கணும். நீயா கண்டுபுடிச்ச மாதிரி சொல்லு. என் பேரு வாணாம்."

மறுநாள் போய், நானே கண்டுபிடித்ததுபோல் சொன்னேன். கிருஷ்ணப்பிரியா உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. இடுக்கியைக் கீழே வைக்காமல், எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள்.