பிளாஸ்டர் ஒட்டிய பிளக்

மலேசியாவில், சுங்கைப் பட்டாணி ஊரிலுள்ள பெரியம்மா வீட்டின் கூடத்தில், டிவி மேசைக்குப் பின்னால், சுவரில் ஒரு பிளக் செருகியபடியே இருக்கிறது. அதையும் அதன் சுவிட்சையும் சேர்த்து, காயத்துக்கு ஒட்டுகிற பழுப்பு நிற பிளாஸ்டரைப் பெரியம்மா குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி வைத்திருந்தார். யாரும் கைதவறிக்கூட அதைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக. பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதமாகிறது. வீட்டைக் காலி செய்ய வந்த நான் பாத்திரங்களைக் கட்டிவிட்டேன், சேலைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன், இந்தப் பிளாஸ்டருக்கு முன்னால் மட்டும் காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அம்மாவின் அக்காதான் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தார். அவருக்கும் பெரியப்பாவுக்கும் வேறு பிள்ளை இல்லை. இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்த பிறகு பட்டணத்துக்கு வந்தார்கள். வந்தும் சில பழக்கங்கள் விடவில்லை. வானம் ஒரு முறை உறுமினால் போதும், பெரியம்மா எழுந்துவிடுவார். டிவி, காத்தாடி, ஃபிரிட்ஜ், ரைஸ் குக்கர் என்று வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கிப் போட்ட பிறகுதான் உட்காருவார். லயத்தில் இடி விழுந்து பக்கத்து வீட்டு ரேடியோ கருகியதையும், அதைத் திருகிக்கொண்டிருந்த பெண்ணின் கை வெந்ததையும் கண்ணால் பார்த்தவர். தோட்டத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் வீடுகளில் இது இன்றும் உண்டு. நான் கேலி செய்தால், "சிரி, சிரி. டிவி வெடிச்சா நீதான் வாங்கித் தரணும் லா," என்பார்.

பிடுங்காமல் விட்ட ஒரே பொருள் பழைய வீட்டு போன். அதற்குப் பிளக்கே கிடையாது. சுவரிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று வரும், அவ்வளவுதான். ஒரு தடவை மின்சாரம் போயிருந்த ராத்திரியில் பெரியப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது. பெரியம்மா இருட்டுக் கூடத்தில் தடவி அந்த போனை எடுத்துத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பெரியப்பா பிழைத்து வந்தார். அதற்குப் பிறகு அந்த போனைச் சாமிப் படத்தைத் துடைப்பது மாதிரி துடைப்பார். "கரண்டு போனாலும் இது போவாது," என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை. நான் வாங்கிக் கொடுத்த கைப்பேசி அலமாரியில் சேலைகளுக்கு நடுவில் அணைந்து கிடந்தது. அதன் எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை.

எனக்கு பில் படிப்பதில் ஒரு திமிர் உண்டு. கூலிம் தொழிற்சாலையில் கணக்குப் பார்த்துக் கழிவைக் குறைக்கிற வேலை. அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டு வந்தேன். வீட்டு போனுக்கு ஒரு பில், நான் படித்த காலத்தில் போட்ட இண்டர்நெட்டுக்கு இன்னொரு பில். இரண்டையும் சேர்த்து ஒரே பேக்கேஜாக மாற்றினால் மாதம் ஐம்பது வெள்ளி மிச்சம், போன் பேசுவது இலவசம், நம்பர்கூட மாறாது. பெரியம்மா தயங்கினார். "இருக்கறது நல்லாத்தான இருக்கு?" என்றார். நான் காகிதத்தில் எழுதிக் காட்டி அவர் வாயை அடைத்தேன். புதுக் கம்பி இழுக்க வந்த மலாய்ப் பையன் சின்னப் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டி, அதன் பிளக்கை டிவி மேசைக்குப் பின்னால் செருகி, போனைப் பெட்டியில் இணைத்தான். போகும்போது என்னிடம், "லெட்ரிக் தாக்டே, தெலிபோன் புன் தாக்டே, காக்," என்றான். மின்சாரம் இல்லையென்றால் போனும் இல்லை. நான் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பெரியம்மா அடுப்படியில் அவனுக்குத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் சொன்னேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம் நல்ல இடி. பெரியம்மா வழக்கம்போல எல்லாவற்றையும் பிடுங்கினார், புதுப் பெட்டியையும் சேர்த்து. சற்று நேரத்தில் பெரியப்பா நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பெரியம்மா போனை எடுத்தால் சத்தமே இல்லை. வைத்தார், எடுத்தார், கம்பியை ஆட்டிப் பார்த்தார். கரண்டு போனாலும் போகாத போன் அல்லவா, வந்துவிடும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாராம். ஒரு பக்கத்து வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள், மறுபக்கத்து வீடு காலி. கொட்டுகிற மழையில் தெருமுனை மோட்டார் சைக்கிள் கடைவரை ஓடினார். கடைக்காரர் தன் காரில் பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் டாக்டரைக் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

கூலிமிலிருந்து ஓடி வந்து கூடத்தில் நுழைந்ததும் என் கண் பட்டது தரையில் கிடந்த அந்தப் பிளக்கில்தான். சொந்தக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். குனிந்து, அதை எடுத்துச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. போன் ஏன் வேலை செய்யவில்லை என்று ஒருவர் கேட்டபோது, "இடியில லைன் போயிருக்கும்," என்றேன். மூலையில் நனைந்த சேலையோடு உட்கார்ந்திருந்த பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது இடி இடித்தது. பெரியம்மா ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிளாஸ்டர் ஒட்டிய இந்த ஒன்றைத் தொடவில்லை. அப்போதுதான் அதை முதலில் பார்த்தேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கி நீ எனக்காகத்தான் பொய் சொன்ன, தெரியும் பாப்பா. நான் புடுங்குனத யாரும் பாத்துறக் கூடாதுன்னு நீயே சொருவுன. என் கைதான் அவர அனுப்பிருச்சி. நீ ஒரு வார்த்த வெளிய விடல."

அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "விடுங்க பெரிம்மா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். அந்தப் பழியோடு இன்னும் ஏழு வருடம் இருந்தார். கோவிலுக்குப் போனால் பெரியப்பா பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு, என் பெயருக்கும் தனியாக ஒன்று செய்வார். தனக்காகப் பொய் சொன்ன பிள்ளை நல்லா இருக்கணும் என்று வேண்டியிருப்பார். அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

லைனை வெட்ட வேண்டுமானால் இந்தப் பெட்டியைப் போன் கம்பெனி கவுண்டரில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். மத்தியானமாகிவிட்டது. பிளாஸ்டரை நகத்தால் சுரண்டி உரித்தேன். பசை காய்ந்து பிளக்கோடு ஒட்டிப்போயிருந்தது. பிடுங்கினேன். பச்சை விளக்கு அணைந்தது. போனை எடுத்துக் காதில் வைத்தேன். அன்று பெரியம்மா கேட்டது இதைத்தான்; ஒரு சத்தமும் இல்லை.

"எனக்குத் தெரியும் பெரிம்மா. பெட்டி மாட்டுன பையன் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான்," என்று அதில் சொன்னேன்.