பிறந்த வீட்டுக் கோடி

அதை ஏன் கேட்கிறாய் செல்வி, அக்காவின் உடல் வாசலில் கிடக்கிறது, எங்கள் அண்ணன் கோடிச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு தெருமுனை டீக்கடையில் நிற்கிறார். பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் பெண்ணை எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றார். பக்கத்து வீட்டுக்காரி நீ, அன்றைக்குப் பார்த்து மகள் பிரசவத்துக்குப் போய்விட்டாய். அதனால் உனக்குச் சொல்வதுபோலவே எல்லோருக்கும் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்காக அக்கா மகன் எழுதிக்கொள்கிறான். "கோவத்தக் கொஞ்சம் கொறச்சுக்கங்க சின்னம்மா" என்கிறான். குறைக்க மாட்டேன்.

நாங்கள் பிறந்தது உடையார்பாளையம் பக்கம். மூத்தவர் அக்கா, நடுவில் அண்ணன், கடைசி நான். எங்கள் இருவரையும் இடுப்பில் சுமந்தே அக்காவுக்கு இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று அம்மா சொல்வார். அக்கா வாக்கப்பட்டு வந்தது இந்தக் குரும்பலூர், பின்னால் நானும் இதே ஊருக்குத்தான் வந்தேன். மாமாவுக்கு அரசுப் பள்ளியில் இரவுக் காவல் வேலை. தங்கமான மனிதர், காபியில் சர்க்கரை குறைந்தால் மட்டும் கத்துவார். வேலையில் இருக்கும்போதே போய்விட்டார்.

வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடும்போது, மாமியார் பெயரை விட்டுவிடு, பணிக்கொடை முழுவதும் உனக்கே வரும் என்று ஒருவர் யோசனை சொன்னார். யார் என்கிறாய், எங்கள் அண்ணன்தான். அக்கா கேட்கவில்லை. மாமியார் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லி, அவருடைய பங்கை அவர் பெயரிலேயே தபால் ஆபீசில் போட்டார். "பெத்தவங்களுக்கு இல்லாத பாத்தியத எனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார். அந்த மாமியார் கடைசி வரை அக்கா கையால்தான் சாப்பிட்டார். மீன் குழம்பைக் குறை சொல்லாமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை, அது வேறு விஷயம்.

பிறகு எங்கள் அப்பா உயில் எழுதாமல் இறந்தார். காரியம் முடிந்த கையோடு அண்ணன் விடுதலைப் பத்திரத்தை நீட்டினார். பங்கு வேண்டாம் என்று நாங்கள் இருவரும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அக்கா யோசிக்கிறார் என்றதும் பயம் காட்டினார். நிலம் உன் பெயருக்கு வந்தால் பாதியை வரியாகப் பிடுங்கிக்கொள்வார்கள், மாமாவின் பென்ஷனும் நின்றுவிடும் என்றார். இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பென்ஷனில்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறும் படிப்பும் நடந்தன. தம்பியாய்ப் பிறந்தவன் கைவைக்கிற இடமா அது?

அக்கா பஸ் ஏறிப் போய்ப் பெரம்பலூர் கருவூலத்தில் கேட்டார். அங்கிருந்த அதிகாரி அம்மா சிரித்தே விட்டார்களாம். அப்பன் சொத்து பிள்ளைக்கு வருவதற்கு வரி கிடையாது, நிலம் இருப்பதால் பென்ஷன் நிற்காது என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வரும்போது அக்கா எனக்கு ஒரு முழம் பூ வாங்கி வந்தார்.

அண்ணன் திரும்ப வந்தபோது நானும் கூடத்தில் இருந்தேன்.

"செஞ்ச சீரு பத்தலியா ஒனக்கு?" என்றார்.

"சீரு நீ செஞ்சது தம்பி. பங்கு அப்பாவோடது."

"அப்ப ஒனக்குப் பொறந்த வூடு இல்ல. நாளைக்குச் செத்தாலும் கோடி வராது, பாத்துக்க."

அக்கா பாகம் பிரித்து முந்திரிக் கொல்லையை வாங்கினார். நானும் பின்னாலேயே போய் என் பங்குக்கு ரேகை வைத்தேன். அந்தத் தையோடு இருவருக்கும் பொங்கல் சீர் நின்றது. அக்கா அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் தெருமுனையில் பஸ் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். தன் பென்ஷன் தன்னோடு போய்விடும் என்பதால், கொல்லை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்று உயிலைப் பதிவும் செய்துவைத்தார். படுக்கையில் விழுந்த பிறகு என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார்: "அவன் வருவானாடி?" வருவான் என்றேன்.

வந்தார். டீக்கடை வரைக்கும் வந்தார். அங்கிருந்து ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினார்: "கொல்லைய எழுதித் தரோம்னு புள்ளைங்க ரெண்டு பேரும் வெள்ளப் பேப்பர்ல கையெழுத்துப் போடட்டும். கோடி வரும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா மகன் என் காலடியில் உட்கார்ந்து, "குடுத்துடலாம் சின்னம்மா. அம்மா எவ்ளோ நேரம் இப்பிடியே கெடக்கும்?" என்றான். மகளும் தலையாட்டினாள். பெற்றவளை வாசலில் போட்டுவிட்டு வேறென்ன சொல்வார்கள் பிள்ளைகள்?

"எந்திரிடா. நானும் அந்த வூட்லதான் பொறந்தேன்" என்றேன்.

துக்கத்துக்காக மூடியிருந்த ஜவுளிக்கடையைத் திறக்கச் சொல்லிப் பச்சைச் சேலை ஒன்று எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். பொம்பளை கோடி கொண்டுவரும் வழக்கம் கிடையாது என்றார் ஒரு பெரியவர். அப்படியானால் நீங்கள் போய் அவர் பையைப் பிடுங்கி வாருங்கள் என்றேன், நகர்ந்துகொண்டார். கோடி வந்தால் தெருமுனையிலிருந்து பறையடித்து அழைத்து வர வேண்டுமல்லவா? பறையடிக்க வந்திருந்த தம்பிகளைக் கூட்டிக்கொண்டு நேரே டீக்கடை வாசலுக்கே போனேன். "பொறந்த வூட்டுக் கோடி வந்துருக்கு, அடிங்கப்பா."

அடித்தார்கள் பார், காது அடைத்துப்போனது. அண்ணன் கையில் பை தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. துக்கத்தில் சிரிக்கக் கூடாது, எனக்குச் சிரிப்பு வந்தது. சேலையை அக்கா மேல் போர்த்தும்போதுதான் அழுதேன்.

கடையைத் திறந்துவிட்டவருக்கும், பறையடித்த தம்பிகளுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் மோர் கலக்கிக் கொடுத்த இந்தத் தெருவுக்கும் என் கும்பிடு. அண்ணனுக்கும் ஒரு மலர் தபாலில் போகும். அவர் படித்தவர், யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

அக்கா மகன் கொல்லையைப் பாதியாக அளந்து, வேப்பந்தட்டையில் வாழும் தங்கை பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டான். பங்கு கொடுத்தாகிவிட்டது என்று சீரை நிறுத்தவில்லை. நாளைக்குப் பொங்கல் சீர் கொண்டு போகிறான். அரிசி இன்னும் புடைக்காமல் கிடக்கிறது. சீர் அரிசியில் ஒரு கல் இருக்கக் கூடாது. எழுதியது போதும்டா, அந்த முறத்தை இப்படித் தள்ளு.