சித்திரையில் இறங்கிய பனி

அண்ணனின் சோடாபுட்டிக் கண்ணாடியில் எப்போதும் கல்மாவு படிந்திருக்கும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை. பாறை பொடிந்து புகையாக எழும்பும். துடைப்பார், மாட்டுவார், மறுபடி துடைப்பார். கழற்றினால் எதிரே நிற்பது ஆளா லாரியா என்று தெரியாது. பதினான்கு வருடம் முன்பு சேலத்தில் ஆபரேஷன் செய்து கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்துக்கொண்டார். திருச்செங்கோடு பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்தார். "ஏனுங்க, பள்ளிக்கொடத்துல படிக்காததையெல்லாம் இப்பப் படிக்கறீங்களா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அண்ணன் அழுதுகொண்டிருந்தார்.

கண்ணைத் தேய்க்கக் கூடாது என்றிருந்தார் டாக்டர். இந்த லென்ஸால் சிலருக்குக் கருவிழியின் உட்பக்கச் செல்கள் வருடம் போகப் போகக் குறையும், போனது முளைக்காது, ஆண்டுக்கொருமுறை வந்து பார்த்தால் முன்கூட்டியே லென்ஸை எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். தலையாட்டியவன் நான்தான். பரிசோதனை மாசியில் வரும். மாசியில் வண்டி சத்தீஸ்கரில் நிற்கும். கிணறு வற்றும் காலம்தானே ரிக்காரர்களுக்கு அறுவடை. இரண்டு வருடம் போனோம். அப்புறம் போனில், "நல்லாத்தான் தெரியுது சாமி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பார். "சரிங்கண்ணா" என்பேன். எத்தனை மாசி, எத்தனை சரி! கண்ணாடி தடுத்த கல்மாவு இப்போது நேராகக் கண்ணில் விழுந்தது. கண்ணாடியைத் துடைத்த அதே துண்டு, அதே கை, அதே பழக்கம். கண்ணையே தேய்த்தார்.

போன சித்திரையில் ஊருக்கு வந்திருந்தார். காலையில் வாசலில் நின்று, "என்ன சாமி, இன்னிக்கும் இப்பிடிப் பனி எறங்கீருக்குது? மத்தியானந்தான் வெலகும்போல" என்றார். எதிரே மலை, வெயிலில் பளிச்சென்று நின்றது. அன்றே சேலத்துக்கு அழைத்துப் போனேன்.

செல்கள் தீர்ந்து, இரண்டு கருவிழியும் நீர் கோத்திருந்தன. பரிசோதனைக்குத் தவறாமல் வந்தவர்கள் பலர் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றார் டாக்டர். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். லென்ஸை எடுத்தார்கள். பனி போகவில்லை, மத்தியானமும் இருக்கிறது. இனி வேறொருவரின் கருவிழி வேண்டும். கண் வங்கியில் பெயர் பதிந்து காத்திருக்கிறோம். "எவனோ சாவோணும்னு ஒக்காந்திருக்கறனே, எனக்கெதுக்குச் சாமி கண்ணு?" என்கிறார் அண்ணன், சுவரைப் பார்த்து, அது சுவர் என்று தெரியாமல். நான் தெருவில் ஒட்டியிருக்கும் அஞ்சலிச் சுவரொட்டிகளில் முதலில் வயதைப் பார்க்கிறேன். இப்படி ஆகிவிட்டேன்.

இன்று காலை பின்தெருவில் பட்டறைக்காரப் பெரியவர் இறந்துவிட்டார். நான் செருப்பு மாட்டும் சத்தத்திலேயே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "போவாத சாமி. அவங்க ஊட்டுல இன்னும் பொணங்கூட எடுக்கல."

எடுத்தபின் கேட்டு என்ன பயன்? கண்ணை எடுக்கச் சில மணி நேரம்தான் கெடு. அந்தக் கண் அண்ணனுக்கே வரும் என்ற உறுதியும் கிடையாது. தெரிந்தும் போனேன். பந்தலில் பெரியவரின் மகனைத் தனியே அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் வீட்டுக்குள் திரும்பி, "அம்மா, கொஞ்சம் வாங்க" என்றார்.