அடி மூடிய காத்துப்பை

மூக்கில் இலவம்பஞ்சு ஏறினால் இன்றும் எனக்குக் கூடவே பெட்ரோல் வாசனையும் வருகிறது. போடிக்குக் கிழக்கே, ஏலத்தோட்ட முதலாளிகள் சிலர் சேர்ந்து சிறு விமானங்கள் இறங்குவதற்காகப் போட்டிருந்த ஓடுபாதையில் அப்பா காவல்காரர். ஊரார் அதை "ஏரோப்பிளேன் பொட்டல்" என்பார்கள். பாதையோரத்து ஒற்றை அறை வீடு, அந்த வேலை இருக்கும்வரைதான் எங்களுக்கு. அம்மா அங்கே உட்கார்ந்து போடிக் கடைகளுக்குத் தலையணை உறை தைத்துப் பஞ்சு அடைத்துக் கொடுப்பாள்.

விமானம் வருகிறதென்று தோட்டத்து ஆபீசிலிருந்து தகவல் வந்தால், அப்பா ஆடுகளை விரட்டுவார், கல் பொறுக்குவார், கம்பத்து உச்சியில் "காத்துப்பை" ஒழுங்காகப் பறக்கிறதா என்று பார்ப்பார். இரு முனையும் திறந்த அந்தத் துணிக்குழாய் நீளும் பக்கத்தை வைத்துக் காற்றின் திசை அறிந்துதான் விமானி இறக்குவார். குரங்கணிப் பக்கத்து மலைக்காற்று நினைத்தபடி திரும்பும் என்பதால் அது இல்லாமல் முடியாது.

ஓர் ஆடிக்காற்றில் அது கிழிந்தது. அப்பா கழற்றி வந்து, "பை கிழிஞ்சிருச்சு, வெரசா தச்சுக் குடு" என்று போட்டுவிட்டுப் போனார். அதுவரை அதைக் கையில் எடுத்துப் பார்த்திராத அம்மா, கிழிசலோடு திறந்து கிடந்த வாலையும் சேர்த்துத் தலையணைக்குப் போடும் இரட்டைத் தையலாகப் போட்டு மூடிவிட்டாள். விமானச் சத்தம் கேட்கத் தொடங்கிய அவசரத்தில் அப்பாவும் கவனிக்காமல் ஏற்றிவிட்டார்.

உப்பிய பை ஒரு பக்கமாக நீளாமல் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி அடித்தது. விமானம் தலைக்கு மேல் வட்டம் போட்டதே தவிர இறங்கவில்லை. அப்பா வீட்டுக்கு ஓடிவந்து பஞ்சுக் கழிவை அள்ளிக்கொண்டுபோய்க் கொளுத்தினார். புகை சாய்ந்த பக்கம் பார்த்து விமானம் இறங்கியது.

அதில் வந்த தோட்டத்து மேனேஜர் பையை இறக்கச் சொல்லி, தைத்தது யார் என்று கேட்டார். ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாத அப்பா, "நாந்தேன்யா" என்றார். வேலையும் வீடும் போயிற்று என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டாள்.

"அவருக்கு ஊசி பிடிக்கத் தெரியாதுய்யா, நாந்தேன் தச்சேன். பையின்னு குடுத்தாரு. அடியில்லாமப் பை எங்கய்யா இருக்கு?"

விமானி சிரித்துவிட்டார். அதன்பிறகு மேனேஜராலும் கோபப்பட முடியவில்லை. அம்மா அடியைப் பிரித்துக் கொடுத்தாள், வேலை தப்பியது. வீட்டுக்குள் வந்ததும் அவள் பிடித்துக்கொண்டது அப்பாவைத்தான். ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே என்று அன்று பொழுது சாயும்வரை திட்டினாள்.

சாலைகள் அகலமாகி முதலாளிகள் காரிலேயே வரத் தொடங்கியதும் ஓடுபாதை மூடப்பட்டது. இப்போது அங்கே வீட்டுமனைகள். அப்பாவும் இல்லை. போன மாதம் அந்த வழியாகப் போகையில் அம்மா காரை நிறுத்தச் சொல்லி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோலி போனாலும் போகட்டும்னு என்னைய விட்டுக்குடுக்காம நின்னாருடி மனுசன்," என்றாள். "அதுக்குப் போயி அவர அன்னைக்குப் பூரா வஞ்சேன் பாரு."