ஈர மாலை போட்ட கச்சேரி

பத்து வருடங்களுக்கு முன் மலேசியாவின் சிரம்பானில் நம் பையன்கள் நடத்திய, உடம்பை உதறி ஆடிப் பாடும் போஸ்ட்-பங்க் ராக் கச்சேரியைப் பற்றி ரசிகர்கள் இன்னும் பீற்றிக்கொள்கிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது.

ரெம்பாவ் தோட்டத்திலிருந்து நானும் போயிருந்தேன். எங்கள் திருவிழா மேடையில் செய்வதுபோல, தண்ணீர் தெளித்த சாமந்தி மாலையைப் பாடகன் கழுத்தில் போட்டேன். ஈர மாலை மைக்கிலும் கிட்டாரிலும் பட்டதும் கரண்ட் அடித்து, அவன் துடித்து விழுந்தான். கூட்டம் கைதட்டியது.

டிரம்ஸ்காரன் ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டு என் சட்டையைப் பிடித்தான். “கொல்லப் பாத்தியாடா?”

“மரியாதைக்குப் போட்டேன் லா.”

அறைந்தான். பாடகன் பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

இப்போதெல்லாம் மைக்கை அணைக்காமல் நான் யாருக்கும் மாலை போடுவதில்லை. அந்த ரசிகர்களோ, “அன்னிக்கு அவன் ஆடுன ஆட்டம் இனி வராது” என்கிறார்கள்.