பின்சீட்டுப் பேச்சு

மெதுவாகப் போகும்போது பைக் திக்காமல் ஓட, கார்புரேட்டரை மாற்றியமைப்பதில் மெக்கானிக் கெட்டிக்காரர். வேலை முடிந்ததும் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துத் தெருவைச் சுற்றுவார். அவள் பேச்சு எங்கே வெட்டுகிறதோ அங்கே கோளாறு. வேறு சோதனை அவருக்குத் தெரியாது.

தபால்காரரின் வண்டி இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. ஐந்து மணிக்குள் சரியாகாவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மனைவியோ மூன்று நாளாகப் பேசவில்லை. அவள் தங்கையை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவர இவர் மறந்துபோனதுதான் காரணம். கூப்பிட்டதும் வந்து ஏறினாள், வாயைத் திறக்கவில்லை.

தெருமுனையில் அவர் கேட்டார்: "உன் தங்கச்சிக்கு ஆட்டோ பிடிக்கத் தெரியாதா?"

"மனுஷனா நீங்க? ரெண்டு மணி நே... நேரம் நின்னிருக்கா!"

உடனே வண்டியை நிறுத்தி, பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போக, கார்புரேட்டருக்குள் இருந்த ஊசியை ஒரு படி உயர்த்தினார். மறுபடி கிளம்பியபோது தங்கை, மாமியார், மறந்துபோன கல்யாண நாள் எல்லாம் தங்குதடையின்றி வந்தன.

"சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. எங்கயும் திக்கல."

அவள் இறங்கி உள்ளே போனாள். தபால்காரர் திருப்தியாக வண்டியை எடுத்துப் போனார்.

மறுநாள் காலையில் அடுத்த வண்டி வந்தது. கருவிப்பெட்டியைத் திறக்கும் முன் மெக்கானிக் கொழுந்தியாளுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார்.