திரைக்குப் பின்னால் இருந்த பெட்டி

வாமதேவனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி துவக்கு வைத்திருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்றுதான் சொல்லுவோம். லண்டனில் பஸ் ஓட்டுகிறவன், குறுக்கே ஒரு சைக்கிள்காரன் வந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்பவன், போலீஸ் அனுமதியோடு வீட்டில் ஓர் இரட்டைக் குழல் துவக்கு வைத்திருந்தான். நானும் அவனும் ஒரே டிப்போவில் பதின்மூன்று வருஷமாக வேலை செய்கிறோம். அவனைக் கேலி செய்கிற உரிமை எனக்கு நிறையவே இருக்கிறது.

அது சுவிஸில் தொற்றிய பழக்கம். பதினேழு வயதில் கிளிநொச்சியை விட்டுப் போய், மலையடிவாரக் கிராமம் ஒன்றில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச் சுடும் கழகத்துக்கு அவனையும் கூட்டிப் போவார். அந்த நாட்டில் அவனுக்கு இருக்கச் சொல்லிக் கதிரை காட்டியவர்களும், அவன் பேரைச் சரியாகச் சொல்லப் பழகியவர்களும் அங்கேதான் இருந்தார்கள். அதனால்தான் அவனுக்கு அதில் ஆசை வந்ததென்று நான் நினைக்கிறேன். பிறகு பாஸ்போர்ட், கல்யாணம், மகளின் இங்கிலிஷ் படிப்பு என்று லண்டனுக்கு வந்து தோர்ண்டன் ஹீத்தில் வீடு வாங்கினான். இங்கேயும் குறொய்டனுக்கு அப்பால் ஒரு வயல்வெளிக்குப் போய், மெஷின் எறிகிற களிமண் தட்டுகளைச் சுடுவான். "தட்டு உடைஞ்சால் ஒருத்தருக்கும் நோகாது மச்சான்" என்பான்.

அனுமதி கொடுக்க வந்த போலீஸ்காரர் இரண்டு நிபந்தனை சொன்னார். துவக்கை வைக்கிற இரும்புப் பெட்டியைத் திருகாணி போட்டுச் செங்கல் சுவரில் முடுக்க வேண்டும். பூட்டின் திறப்பு, அதுதான் சாவி, எங்கே இருக்கிறதென்று இவனைத் தவிர ஒருவருக்கும் தெரியக்கூடாது. அந்த வீட்டுச் சுவர்களில் முக்கால்வாசி தட்டினால் டொக்டொக் என்கிற அட்டைச் சுவர்கள். வாய்ப்பான செங்கல் சுவர் மேல்மாடிச் சின்ன அறையில்தான் இருந்தது. அது சாமியறை. "முருகனுக்குப் பக்கத்திலயோ? உங்களுக்கு விசரே?" என்று அவன் மனைவி நகுலேஸ்வரி மூன்று நாள் சண்டை பிடித்தாள். கடைசியில் தன் பழைய சிவப்புப் பட்டுச் சேலையைக் கிழித்துப் பெட்டிக்கு முன்னால் திரை போட்டாள். வந்த சனம் திரைக்குப் பின்னால் இன்னொரு சாமி இருப்பதாக நினைத்து அதையும் கும்பிட்டது. திறப்பை வாமதேவன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். ஒரு தாயத்துக்குக்கூட இடம் கொடுக்காத அந்தக் கயிறு போலீஸ் சட்டத்துக்கு இடம் கொடுத்தது.

சும்மா வைத்திருந்தாலும் பரவாயில்லை. இவன் கை சும்மா இராது. குழலை மட்டும் துடை, உள்ளே இருப்பதை எங்களிடம் விடு என்று துவக்குக் கடைக்காரர் தலைப்பாடாகச் சொல்லியிருக்கிறார். இவனோ போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் கழற்றுவான். பால்பாயின்ட் பேனையைக் கழற்றினால் ஸ்பிரிங் துள்ளுமே, அதேபோல ஒவ்வொரு முறையும் ஏதாவது துள்ளும். ஒரு திருகாணி எட்டு நாள் கழித்து நகுலேஸ்வரியின் செருப்புக்குள் அகப்பட்டது. இன்னொன்றை வக்கூம் கிளீனரின் பையைக் கிழித்து எடுத்தார்கள். தரையில் தவழ்ந்து தவழ்ந்து அவன் முழங்கால் காய்த்துவிட்டது.

போன சித்திரையில் தங்கை தவமலர் கிளிநொச்சியிலிருந்து விசிட் விசாவில் வந்தாள். நாற்பது வயது, கல்யாணம் செய்யவில்லை. கடைசிச் சண்டைக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடித்தபோது, அவளை எட்டு மாதம் மாமி வீட்டில் ஒளித்து வைத்திருந்ததாகத் தாய் போனில் சொல்லியிருந்தாள். வாமதேவன் அதைக் கேட்டு முருகனுக்கு அர்ச்சனை செய்தவன். வந்த முதல் கிழமையே பிரஷர் குக்கர் விசில் அடித்ததற்கு அவள் கையிலிருந்த தட்டைப் போட்டு உடைத்தாள். அன்றைக்கே அவன் மனைவியிடம் சொல்லிவிட்டான்: "துவக்கு எண்ட சொல்லே இந்த வீட்டில இனி இருக்கக்கூடாது. அவள் அறிஞ்சால் அடுத்த பிளேனில ஏறிடுவாள். பேந்து நான் செத்தாலும் வரமாட்டாள்."

முப்பது வருஷத்துக்குப் பிறகு கிடைத்த தங்கை. அவளை இழக்க அவனுக்கு மனம் இல்லை. ஞாயிறு சுடப் போவதை விட்டான். திரையைக்கூடத் தொடவில்லை. ஆனால் கடைசியாக மழையில் நனைந்த துவக்கு உள்ளே துருப்பிடிக்குமே என்ற நினைப்பு அவனை ஆறு கிழமை அரித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நகுலேஸ்வரி தவமலரை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். போய்வர எப்படியும் நாலு மணித்தியாலம். இவனுக்கு இரண்டு மணிக்குத்தான் ஷிப்ட். குளிக்கக்கூட இல்லை, நேரே சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, பேப்பரை விரித்துக் கழற்றத் தொடங்கிவிட்டான். தோட்டாவின் பின்பக்கத்தைத் தட்டுகிற ஊசி ஒன்று இருக்கிறது, அரை அங்குல நீளம். அது ஸ்பிரிங்கோடு துள்ளியது. ஸ்பிரிங் காலடியில் விழுந்தது. ஊசி விழுந்த சத்தமே கேட்கவில்லை.

சத்தம் இல்லையென்றால் கார்பெட்டில்தான் என்று தவழ்ந்துகொண்டிருந்தபோது கீழே வாசற்கதவு திறந்தது. ரயில் ரத்து, ஸ்டேஷனோடு திரும்பிவிட்டார்கள்.

"கோயிலுக்குத்தான் போகேல்லை, இஞ்ச எண்டாலும் விளக்கேத்துவம் அண்ணி" என்று தவமலர் படியேறுகிற சத்தம் கேட்டது. வாமதேவன் தாழ்ப்பாளைப் போட்டான்.

"ஆர் உள்ளுக்கு?"

"நான்தான் பிள்ளை. தேவாரம் படிக்கிறன்."

அவன் வாழ்நாளில் அப்படி ஒரு காரியம் செய்தவனல்ல. சொன்ன பிறகு படிக்காமலும் இருக்க முடியாது. சின்ன வயதில் பாடமாக்கிய ஒரேயொரு பாட்டின் முதல் இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப உரக்கப் படித்துக்கொண்டே, துண்டு துண்டாகக் கிடந்ததைப் பெட்டிக்குள் அடுக்கிப் பூட்டினான். எண்ணெய் மணம் போக ஏழு ஊதுபத்தி கொளுத்தினான். வெளியே தவமலர் கதவடியில் சம்மணம் கட்டி இருந்து, அவன் விட்ட மூன்றாம் நாலாம் வரிகளைத் தானே பாடினாள். நகுலேஸ்வரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. "வா மலர், தேத்தண்ணி குடிப்பம்" என்று இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் அசையவில்லை.

பூட்டினால் மட்டும் போதுமா? ஊசி வெளியே கிடக்கிறது. வெள்ளிக்கிழமை என்றால் தவமலர் சாமியறையை மூலைமுடுக்கு விடாமல் கூட்டுவாள். கதவைத் திறந்தால் அவள் கையில்தான் அது அகப்படும். ஆறடிக்கு ஏழடி அறை, ஏழு ஊதுபத்திப் புகை, ஜன்னலைத் திறந்தால் புகை கண்டு பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புக்கு அடிப்பார். கண்ணில் தண்ணீர் ஓட ஓட விளக்கின் அடியில், படங்களின் பின்னால், சாம்பிராணித் தட்டில் எல்லாம் தடவினான். முருகன் காலடியில் இருந்த பித்தளைத் திருநீற்றுக் கிண்ணத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். குளிக்கவில்லையாம். எண்ணெய்க் கையாம். முருகனுக்குப் பக்கத்தில் துவக்கை முடுக்கிய மனிசனுக்குத் திருநீற்றில் கை வைக்கக் கூச்சம் வந்துவிட்டது. இப்படியொரு சைவப்பழத்தை என்ன சொல்வது!

ஒரு மணி பத்துக்கு வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தான். பஸ் காத்திருக்காது. புகை முதலில் வெளியே வந்தது, பிறகு அவன் வந்தான்.

"வேலைக்குப் போட்டு வாறன் பிள்ளை. கூட்டுறதை நாளைக்குப் பார்க்கலாம்."

"நில்லுங்கோ அண்ணா. திருநீறு பூசிக்கொண்டு போங்கோ."

அவள் உள்ளே போய் விளக்கை ஏற்றினாள். மூன்று விரலைக் கிண்ணத்துக்குள் விட்டாள். விரல்கள் நின்றன. மெல்ல எடுத்தபோது அந்த ஊசி அவள் விரலிடையில் இருந்தது. நகுலேஸ்வரி படியில் பாதியில் நின்றாள்.

இது என்னவென்று தவமலர் கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் சாம்பலைத் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, பெருவிரல் நகத்தால் நுனியை உரசிப் பார்த்தாள்.

"முனை தேயேல்லை" என்றாள். "கழட்டேக்க மேலால ஒரு துணியைப் போட்டு, அதுக்குள்ள கையை விட்டுக் கழட்டோணும். துள்ளினாலும் துணிக்குள்ள நிண்டிடும்."

"ஆர் உனக்கு உதுகள் சொன்னது?" என்று அவன் கேட்டான். அவ்வளவு மடையனாகத்தான் கேட்டான்.

"எங்களை அப்பிடித்தான் பழக்கினவை. துலைச்சால் சாப்பாடு இல்லை. இருட்டுக்குள்ளயும் நான் ஒண்டும் துலைச்சதில்லை."

"மாமி வீட்டில எல்லோ நீ..."

"நான் மாமி வீட்டுப் படலையையும் மிதிக்கேல்லை அண்ணா."

அவள் ஊசியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அதே விரலால் நெற்றியில் திருநீறும் பூசிவிட்டாள். "வந்த அண்டைக்கே எனக்கு எண்ணெய் மணத்தது. திரைக்குப் பின்னால என்ன கிடக்கெண்டு அப்பவே தெரியும். நீங்கள் ஏங்கிப் பயந்து போடுவீங்கள் எண்டு பேசாமல் இருந்தனான்."

சண்டை முடிந்த பதினாறு வருஷமாக அவன் கிழமைக்கு ஒருதரம் போன் எடுத்திருக்கிறான். சாப்பிட்டியா, மழையா, காய்ச்சல் சுகமா என்று எல்லாம் கேட்டிருக்கிறான். அந்த எட்டு மாதத்தைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. தாய் சொன்ன கதை அவனுக்கு வசதியாக இருந்தது. அது அவனுக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது, வெட்கத்தில் அழுதான்.

"ஒருத்தரும் கேக்கேல்லை அண்ணா" என்றாள் அவள். "நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

ஒன்றரைக்கு டிப்போவில் நின்ற எனக்கு அவனிடமிருந்து போன் வந்தது. பதின்மூன்று வருஷத்தில் அவன் லீவு கேட்டது அதுதான் முதல் தரம். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. நல்லாய் ஏசிப்போட்டு அவன் பஸ்ஸை நான் ஓட்டினேன். அந்த நேரம் அவர்கள் இருவரும் சாமியறைக்குள் இருந்திருக்கிறார்கள். கதவைச் சாத்தியது தவமலர்தானாம். அவன் தரையில் இருந்துகொண்டு, "சொல்லு பிள்ளை" என்றானாம். இருட்டும்வரை அவள் சொன்னாளாம்.